காடை மூளையின் ஜிஎன்ஐஎச்: பசியைக் கூட்டி இனப்பெருக்கத்தைக் குறைக்கிறது என்பது எல்லா உயிரிலும் பொருந்துமா?

அரைக்கிளாஸ்டீ கேட்டது:

கசுயோஷி ட்சுட்சுயி 2000-இல் ஜப்பானியக் காடையின் மூளையில் கண்டுபிடித்த ஜிஎன்ஐஎச் (இனப்பெருக்க ஹார்மோன்களை அடக்கும் மூளை ஹார்மோன்) பற்றி எம்.எஸ்சி. செமினார். அதையே சின்ன புராஜெக்ட்டாகவும் நீட்டிக்க வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

முதலாவது, ஜிஎன்ஆர்எச் என்ற, இனப்பெருக்கத்தைத் தூண்டும் மூளை ஹார்மோனின் அமைப்பு 1971-லேயே தெரிந்துவிட்டது. அதற்கு எதிராக அடக்கும் ஹார்மோன் ஒன்று கிடைக்க ஏன் இன்னொரு முப்பது வருஷம்? இவர் எந்த வழியில் போய்ப் பிடித்தார்?

இரண்டாவது, மதிப்பாய்வுக் கட்டுரைகள் எல்லாம் இதை "உணவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் நடுவே இருக்கும் சுவிட்ச்" என்கின்றன. ஆனால் வெள்ளெலியில் இதே ஹார்மோன் எல்எச்சை (பிட்யூட்டரிச் சுரப்பி விடும், விரையையும் சினைப்பையையும் இயக்கும் ஹார்மோன்) கூட்டியதாகவும் ஒரு கட்டுரை இருக்கிறது. எதை நம்புவது?

மூன்றாவது, காடையும் கோழிக்குஞ்சும் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஸ்டீரியோடாக்ஸிக் கருவி (மூளையில் குறித்த இடத்தில் ஊசி இறக்க உதவுவது) கிடையாது. ஆர்எஃப்9 என்ற ஜிஎன்ஐஎச் தடுப்பான் ஒரு குப்பி ஃப்ரீசரில் இருக்கிறது. இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?

---

பெப்டைடுபித்தன்:

முதல் கேள்விக்கு. ஷாலி பன்றி மூளையிலிருந்தும் கில்லமின் ஆட்டு மூளையிலிருந்தும் ஜிஎன்ஆர்எச்சைப் பிரித்தபோது, இருவர் கையிலும் "பிட்யூட்டரி எல்எச் விடுகிறதா" என்ற சோதனை இருந்தது. கூடுவதைத் தேடினார்கள், கூட்டுவது கிடைத்தது. அடக்குவதை அப்படித் தேடுவது கஷ்டம். பிரித்தெடுத்த சாற்றில் ஏதாவது நச்சு இருந்து செல் பாதிக்கப்பட்டாலும் எல்எச் குறையத்தான் செய்யும், அதை நம்ப முடியாது. எல்எச் போன்ற பிட்யூட்டரி ஹார்மோன்களை அடக்க, விரையும் சினைப்பையும் விடும் பாலியல் ஸ்டீராய்டுகளும் இன்ஹிபினும் போதும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

ட்சுட்சுயி குழு (அப்போது ஹிரோஷிமா பல்கலைக்கழகம்) செயலைத் தேடவில்லை, வாலைத் தேடியது. சிப்பி ஒன்றிலிருந்து 1977-இல் எஃப்எம்ஆர்எஃப்அமைடு பிரிக்கப்பட்ட பிறகு, ஆர்ஜினின், ஃபினைல் அலனின், கடைசியில் அமைடு என்று முடியும் பெப்டைடுகள் முதுகெலும்பிகளிலும் இருக்க வேண்டும் என்ற தேடல் தொடங்கியது. காடை மூளைச் சாற்றை எச்பிஎல்சியில் பல பகுதிகளாகப் பிரித்து, அந்த வாலை அடையாளம் காணும் ஆன்டிபாடியோடு ஒவ்வொன்றையும் எலைசாவில் வைத்துப் பார்த்தார்கள். சிக்கியது 12 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு. வரிசை: செரின், ஐசோலூசின், லைசின், புரோலின், செரின், அலனின், டைரோசின், லூசின், புரோலின், லூசின், ஆர்ஜினின், ஃபினைல் அலனின், பிறகு அமைடு. அதைக் காடைப் பிட்யூட்டரியோடு வளர்ப்பு ஊடகத்தில் வைத்ததும் எல்எச் வெளியீடு அளவுக்கு ஏற்பக் குறைந்தது. பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நரம்பணு இருப்பது பறவைகளில் பாராவென்ட்ரிக்குலர் பகுதியில், நுனிகள் மீடியன் எமினென்ஸில் (மூளை ஹார்மோன்கள் பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தத்தில் இறங்கும் இடம்). ஏற்பி ஜிபிஆர்147, அது சைக்ளிக் ஏஎம்பியை (செல்லுக்குள் சேதி கடத்தும் மூலக்கூறு) குறைக்கும் வகை. செமினாரில் இந்தப் படம் ஒன்றைப் போட்டாலே பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

பெப்டைடு வாங்கும்போது பலர் சறுக்குகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அமைடு இருக்கிறதா என்று ஆர்டரில் தெளிவாக எழுதுங்கள். அமைடு இல்லாமல் அமிலமாக வந்தால் ஏற்பியில் வேலை செய்யாது. இரண்டுக்கும் நிறை வித்தியாசம் 1 டால்டன்தான்: நிறைமானியில் அமைடு 1390.8-இல் நிற்கும், அமிலம் 1391.8-இல். சான்றிதழில் அந்த எண்ணைப் பாருங்கள், தூய்மை 98 சதவீதம் என்ற வரியை மட்டும் பார்க்காதீர்கள். அப்புறம், கோழியின் ஜிஎன்ஐஎச்சில் மூன்றாவது இடத்தில் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின். குஞ்சில் செய்வதென்றால் கோழி வரிசையையே வாங்குங்கள்.

குப்பியில் 1 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் முழுக்க பெப்டைடு அல்ல. காடை வரிசையில் லைசின், ஆர்ஜினின், முன்முனை என மூன்று நேர்மின் இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டிஎஃப்ஏ மூலக்கூறு (தயாரிப்பில் மிஞ்சும் அமிலம், நிறை 114) ஒட்டினாலே தூளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்புதான், அதற்கு மேல் ஈரம். நிகர பெப்டைடு அளவு 75 சதவீதம் என்று சான்றிதழ் சொன்னால் கணக்கு இப்படி: முழுசாக 1 மி.கி. என்றால் 719 நானோமோல், 75 சதவீதத்தில் 539 நானோமோல். 5 மைக்ரோலிட்டரில் 1 நானோமோல் கொடுக்க வேண்டுமென்றால் 0.2 மில்லிமோலார் கரைசல் தேவை, ஆக 2.7 மி.லி.யில் கரையுங்கள். 3.6 மி.லி. என்று போட்டால் கால் பங்கு டோஸ் காணாமல் போய்விடும்.

முதலில் கிருமிநீக்கிய நீரில் கரைத்துவிட்டு, பிறகு உப்புநீர் சேருங்கள். ஒருமுறைக்குப் போதுமான அளவாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். செல் வளர்ப்பில் நானோமோலார் அளவுக்கு நீர்க்கும்போது பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போட்டால் அது குறையும்.

---

எலிவளை:

இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் நிஜமான சண்டை. "சுவிட்ச்" என்ற சொல் 2012-இல் இயன் கிளார்க் குழுவின் கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கிறது. செம்மறி, குரங்கு, சுண்டெலி மூன்றிலும் மூளைக்குள் கொடுத்தபோது தீனி கூடியது. பெண் செம்மறியில் எல்எச் அடங்கியதையும் காட்டினார்கள். பறவையில் அதற்கு முன்பே, 2005-இல், தச்சிபானா குழு கோழிக்குஞ்சில் தீனி கூடுவதைக் காட்டிவிட்டது. இதுவரை படம் அழகாக இருக்கிறது.

இனி மறுபக்கம். ஆண் சிரியன் வெள்ளெலியில் ஆர்எஃப்ஆர்பி-3-ஐ (பாலூட்டிகளில் ஜிஎன்ஐஎச்சுக்கு இதுதான் பெயர்) மூளை வென்ட்ரிக்கிளில் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) கொடுத்தால் எல்எச், அதன் துணை ஹார்மோன் எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் ஏறுகின்றன. குறும்பகலில் (வெளிச்ச நேரம் குறைந்த நாட்களில்) விரை சுருங்கிய வெள்ளெலிக்கு ஐந்து வாரம் தொடர்ந்து செலுத்தினால் விரை திரும்ப வளர்கிறது. இது 2012, ஆன்செல் குழு. ஆனால் அதே இனத்தின் பெண்ணில், சினைப்பை அகற்றிய நிலையில், 2006-இலேயே எல்எச் குறைந்ததாகப் பதிவு. சைபீரிய வெள்ளெலியில் நெடும்பகலில் அடக்குகிறது, குறும்பகலில் தூண்டுகிறது. பெண் செம்மறியில் எல்எச்சை நேரடியாக ஆளுவதற்கு ஆதாரமே இல்லை என்று 2016-இல் டெக்கூர் குழு எழுதியது. ஜிபிஆர்147 இல்லாத சுண்டெலிகள் மலடாகவும் இல்லை, அதீதமாக இனம் பெருக்கவும் இல்லை. எல்எச் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

குழப்பத்துக்கு ஒரு திறவுகோல், இரவில் சுரக்கும் மெலட்டோனின். காடையில் அதைச் சுரக்கும் பினியல் சுரப்பியையும் கண்ணையும் அகற்றினால் ஜிஎன்ஐஎச் குறைகிறது, மெலட்டோனின் கொடுத்தால் திரும்புகிறது (உபுகா, 2005). அதாவது நீண்ட இரவு, நிறைய மெலட்டோனின், நிறைய ஜிஎன்ஐஎச், இனப்பெருக்கம் நிறுத்தம். நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. வெள்ளெலியில் மெலட்டோனின் ஆர்எஃப்ஆர்பியைக் *குறைக்கிறது*. அதுவும் குறும்பகலில் இனப்பெருக்கத்தை நிறுத்தும் விலங்குதான். செம்மறி குறும்பகலில் இனப்பெருக்கம் செய்யும், அதிலும் குறும்பகலில் ஆர்எஃப்ஆர்பி குறைவு. ஆக, இந்தப் பாலூட்டிகளில் மெலட்டோனின் எப்போதும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. இனப்பெருக்கப் பருவம் எது என்பதை அது பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால், "அடக்கும் ஹார்மோன்" என்ற பெயரே காடைக்கு வைத்த பெயர் என்பது தெரியும். பெயரை வைத்து வெள்ளெலிக் கட்டுரையைப் படித்தால் தலை சுற்றும்.

இன்னொரு விஷயம். பாலூட்டியில் ஜிஎன்ஆர்எச்சின் முக்கிய இயக்கி கிஸ்பெப்டின் என்ற மூளைப் பெப்டைடு. கோழி, காடை மரபணுத்தொகையில் கிஸ்பெப்டினும் இல்லை, அதன் ஏற்பியும் இல்லை. ஆக்சிலரேட்டர் இல்லாத வண்டியில் பிரேக்குக்கு முக்கியத்துவம் கூடியிருப்பது ஆச்சரியமில்லை. இது என் ஊகம், செமினாரில் ஊகமாகவே சொல்லுங்கள்.

பசியும் பாலுணர்வும் ஒரே பரிசோதனையில் அளக்கப்பட்ட நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 2011-இல் வந்த பெண் சிரியன் வெள்ளெலி ஆய்வு. வழக்கமான தீனியில் 75 சதவீதம் மட்டும் கொடுத்தார்கள். சினைச் சுழற்சி கெடுவதற்கு முன்பே, வெள்ளெலி ஆணைத் தேடுவதை விட்டுத் தீனியைச் சேமிக்கப் போனது. ஜிஎன்ஐஎச் செல்களில் ஃபாஸ் புரதம் (செல் தூண்டப்பட்டதன் அடையாளம்) கூடியிருந்தது. "எவ்வளவு தின்றது" என்று மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் வெள்ளெலி பட்டினிக்குப் பிறகு அதிகம் தின்பதில்லை, அதிகம் பதுக்கும்.

ஆர்எஃப்9 குப்பியைத் தயவுசெய்து ஓரமாக வையுங்கள். அது என்பிஎஃப்எஃப் ஏற்பிகளின் (ஜிபிஆர்147 அவற்றில் ஒன்று) தடுப்பான் என்றுதான் அறிமுகமானது. எலியிலும் சுண்டெலியிலும் எல்எச்சைத் தாறுமாறாக ஏற்றியதால், "பார், ஜிஎன்ஐஎச் எவ்வளவு அடக்கிவைத்திருக்கிறது" என்று நிறையப் பேர் எழுதினார்கள். பிறகு கிஸ்பெப்டின் ஏற்பி இல்லாத சுண்டெலியில் ஆர்எஃப்9 கொடுத்தால் எல்எச் அசையவே இல்லை. அது கிஸ்பெப்டின் ஏற்பியை நேரடியாகத் தூண்டுகிறது. எனவே ஆர்எஃப்9-ஐ மட்டும் நம்பிய பழைய முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

---

காடைக்கூண்டு:

மூன்றாவது கேள்வி. ஸ்டீரியோடாக்ஸிக் இல்லாவிட்டாலும் இரண்டு வேலை செய்யலாம். எதுவானாலும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில், படிவம் பி. அதற்கே இரண்டு மூன்று மாதம் போகலாம், இன்றே எழுதத் தொடங்குங்கள்.

ஒன்று, கோழிக்குஞ்சில் தீனிச் சோதனை. நான்கு நாள் குஞ்சின் மண்டையோடு மென்மையானது. தலையைப் பிடிக்கும் எளிய தாங்கியும், ஊசி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று தடுக்கும் உறையும் இருந்தால் வென்ட்ரிக்கிளில் கையாலேயே போடலாம். இந்த முறை 1979 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 5 மைக்ரோலிட்டர், 0.85 சதவீத உப்புநீரில், 0.06 சதவீதம் இவான்ஸ் புளூ சாயத்தோடு. முடிந்ததும் மூளையை வெட்டிப் பாருங்கள். வென்ட்ரிக்கிளில் நீலம் இல்லாத குஞ்சின் தரவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யார் எந்த டோஸ் என்று தெரியாத ஒருவர் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

பலருக்கு இங்கே முடிவு வராமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: குஞ்சைப் பட்டினி போட்டுவிட்டுச் சோதிக்கிறார்கள். பட்டினிக் குஞ்சு ஏற்கெனவே முடிந்த மட்டும் தின்னும், அதற்கு மேல் எந்த ஹார்மோனும் கூட்ட இடமில்லை. பசியைத் *தூண்டும்* பெப்டைடு என்றால் வயிறு நிறையத் தின்ற குஞ்சில் சோதியுங்கள். பசியை அடக்குவதைத்தான் பட்டினிக் குஞ்சில் பார்க்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம் வரை தீனிக் கிண்ணத்தை எடை போடுங்கள், 0.01 கிராம் துல்லியத்தில். கிண்ணத்துக்கு அடியில் தட்டு வைத்துச் சிந்தியதையும் எடை போடாவிட்டால், நீங்கள் அளப்பது குஞ்சு கிளறியதை. ஒவ்வொன்றும் தனிக் கூண்டில், ஆனால் ஒன்றையொன்று கேட்கிற தூரத்தில். தனியாக விட்ட குஞ்சு கத்திக்கொண்டே இருக்கும், தின்னாது. இரண்டு நாள் முன்பிருந்தே தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள்.

இரண்டு, ஆண் காடையில் நீண்டநாள் செலுத்துதல். நம் பண்ணைகளில் வளர்வதும் இதே ஜப்பானியக் காடைதான், அதனால் பறவைக்குப் பஞ்சமில்லை. ட்சுட்சுயி குழு 2006-இல் தோலடி ஆஸ்மாடிக் பம்ப் (உடம்பின் நீரை உறிஞ்சி, உள்ளே இருப்பதை மெல்லத் தள்ளும் சிறு குழல்) வைத்து இரண்டு வாரம் கொடுத்தது. எல்எச், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தன, விரையில் செல்கள் அழிந்தன, வளராத பறவையில் விரை வளர்ச்சியே தடைபட்டது. 14 நாள் பம்ப் என்பது 200 மைக்ரோலிட்டர், மணிக்கு அரை மைக்ரோலிட்டர். அந்த வேகம் 37 டிகிரிக்குச் சொன்னது. காடையின் உடம்பு 41-ஐ ஒட்டி. சூட்டில் பம்ப் வேகமாகத் தள்ளும், 14 நாளுக்கு முன்பே காலியாகிவிடும். கடைசி ரத்த மாதிரியை 14-ஆம் நாள் எடுத்தால் ஹார்மோன் நின்ற பிறகு எடுத்ததாகவும் இருக்கலாம். 11, 12-ஆம் நாளே முடித்துவிடுங்கள். பம்ப்பை வைப்பதற்கு முன் வெதுவெதுப்பான உப்புநீரில் நான்கு மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு ஊறப்போட வேண்டும்.

வெளிச்சம் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். குஞ்சு மூன்று வாரம் ஆனதிலிருந்து 8 மணி நேர வெளிச்சம், 16 மணி நேர இருட்டு. விரை சின்னதாகவே இருக்கும். பம்ப் வைக்கும் நாளில் 16 மணி நேர வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். முதல் நீண்ட நாளிலேயே எல்எச் ஏறத் தொடங்கும், சில வாரத்தில் விரை நூறு மடங்குக்கு மேல் வளரும். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு ஹார்மோன் தடுக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கதவு இடுக்கில் வரும் வெளிச்சமும், இரவில் தீனி பார்க்கப் போகும் செல்போன் டார்ச்சும் குறும்பகலை நெடும்பகலாக்கிவிடும். இருட்டுக்குப் பிறகு சிவப்பு விளக்கும் பாதுகாப்பு இல்லை, பறவையின் மூளைக்குள் இருக்கும் ஒளி ஏற்பிகளுக்குச் சிவப்பு மண்டையோட்டைத் தாண்டி நன்றாகவே போகும். எனவே இருட்டில் உள்ளே போகவே போகாதீர்கள்.

ரத்தம் எடுக்காமலே தினமும் பார்க்க ஒன்று உண்டு. ஆண் காடையின் ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் நுரைச்சுரப்பி டெஸ்டோஸ்டிரோனை அப்படியே பிரதிபலிக்கும். பண்ணையில் ஆணா பெண்ணா என்று பார்க்க அழுத்தி நுரை வருகிறதா என்று பார்ப்பார்களே, அதேதான். வெர்னியர் காலிபரால் நீளம், அகலம் இரண்டையும் அளந்து பெருக்கிக் குறித்து வாருங்கள். ஒரே ஆள்தான் அளக்க வேண்டும். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறினால் எண்ணும் மாறும்.

---

அரைக்கிளாஸ்டீ:

மூவருக்கும் நன்றி. ஆர்எஃப்9-ஐ விட்டுவிட்டேன். காடை வழிதான் போகலாம் என்று தோன்றுகிறது. எல்எச்சை அளக்க "கோழி எல்எச் எலைசா" என்று கிட் விற்கிறார்கள், வாங்கலாமா? மனிதரிலும் இந்தச் சுவிட்ச் உண்டா என்று நிச்சயம் கேட்பார்கள், ஒரு ஸ்லைடுக்கு என்ன சொல்லலாம்?

---

பெப்டைடுபித்தன்:

கிட் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தட்டுக்குக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். நெடும்பகல் ஆணின் பிளாஸ்மாவை 2, 4, 8, 16 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். அந்தக் கோடு கிட்டின் தரக்கோட்டுக்கு இணையாகப் போகாவிட்டால் அது அளப்பது எல்எச் அல்ல. அடுத்து, கோழி ஜிஎன்ஆர்எச்-1 ஊசி போட்டு அதற்கு முன்னும் 10 நிமிடம் கழித்தும் ரத்தம் எடுங்கள். ஏறியே தீர வேண்டும். குறும்பகல் பறவைக்கும் நெடும்பகல் பறவைக்கும் ஒரே எண்ணைக் காட்டும் கிட்டைத் திருப்பி அனுப்புங்கள். பறவை எல்எச்சுக்கு நெடுங்காலமாக நம்பப்படுவது 1972-இல் ஃபாலெட் குழு உருவாக்கிய கதிரியக்க முறைதான். அதற்கு உரிமம் உள்ள ஆய்வகம் வேண்டும், உங்கள் கால அளவுக்கு ஒத்துவராது.

அதனால் டெஸ்டோஸ்டிரோன் எலைசா, விரை எடை, நுரைச்சுரப்பி, பிட்யூட்டரியில் எல்எச் பீட்டா மரபணு வெளிப்பாடு, இந்த நான்கோடு நிறுத்துங்கள். ஸ்டீராய்டுக்கு இனவேறுபாடு இல்லை, எந்த டெஸ்டோஸ்டிரோன் கிட்டும் ஓடும், ஈதரில் பிரித்தெடுத்துவிட்டு ஓட்டினால் சுத்தமாக வரும்.

மூளைச் சீவலில் ஆன்டிபாடி போடுவதாக இருந்தால் கவனம். ஆர்எஃப்அமைடு குடும்பத்தில் என்பிஎஃப்எஃப், புரோலாக்டின் வெளியிடும் பெப்டைடு, 26ஆர்எஃப்ஏ எல்லாம் ஒரே வாலோடு இருக்கின்றன. வாலுக்கு எதிராக எடுத்த ஆன்டிபாடி எல்லாவற்றையும் பிடிக்கும். பெப்டைடோடு முன்கூட்டியே கலந்து நிறம் மறைகிறதா என்று பார்ப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது, குடும்பத்தின் மற்ற பெப்டைடுகளோடு கலந்தால் நிறம் *மறையாமல்* இருக்கிறதா என்றும் காட்ட வேண்டும்.

---

எலிவளை:

பிடித்துத் தூக்குவதே ஜிஎன்ஐஎச்சைக் கூட்டும் என்பதையும் திட்டத்தில் வையுங்கள். பெர்க்லியில் 2008-இல் வீட்டுச் சிட்டுக்குருவியைப் பிடித்து வைத்ததும் ஜிஎன்ஐஎச் கூடியது. 2009-இல் எலியை அடைத்து வைத்ததில் ஆர்எஃப்ஆர்பி கூடியது, அட்ரீனலை எடுத்துவிட்டால் கூடவில்லை. ஆக அட்ரீனல் விடும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் வழிதான். கூண்டைத் தொட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்து முடியுங்கள். முதல் கூண்டுப் பறவையும் கடைசிக் கூண்டுப் பறவையும் ஒரே நிலையில் இருக்காது, அதனால் குழுக்களை வரிசையாக வைக்காமல் கலந்து வையுங்கள். வெற்றுக் குழுவுக்கும் உப்புநீர் நிரப்பிய பம்ப் வைத்தே ஆக வேண்டும்.

---

ஓபி_அறைஎண்7:

மனித ஸ்லைடுக்கு. ஆர்எஃப்ஆர்பி-3-ஐ நரம்பு வழியாகக் கொடுத்த ஆய்வு ஒன்றில் வயதாகி மாதவிடாய் நின்ற பெண்களில் எல்எச் ஓரளவு குறைந்தது. ஆண்களில் கிஸ்பெப்டின் ஏற்றிய எல்எச்சை அது குறைக்கவில்லை. பசி மாறியதாகக் காட்டும் மனிதத் தரவு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனிதரில் பசியையும் கருவுறுதலையும் இணைக்கும் பலமான ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆன் லூக்ஸ் 2003-இல் இளம்பெண்களுக்கு ஐந்து நாள் மட்டும் உணவையும் உடற்பயிற்சியையும் கட்டுப்படுத்தி எல்எச் துடிப்புகளை எண்ணினார். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி மிஞ்சினால் துடிப்பு இயல்பு. 30-க்குக் கீழே போனதும் துடிப்பின் எண்ணிக்கை குறைந்தது. அப்போது எடை, கொழுப்பு எதுவும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை, மூளை அதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டது. 45 கிலோ கொழுப்பற்ற எடை உள்ள பெண்ணுக்கு 30 என்றால் 1350 கிலோகலோரி. அது சாப்பிட்டதிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்த மீதி.

2004-இல் இப்படி ஆற்றல் பற்றாக்குறையால் மாதவிடாய் நின்ற எட்டுப் பெண்களுக்கு லெப்டின் (கொழுப்புத் திசு விடும் ஹார்மோன்) ஊசி போட்டபோது எல்எச் துடிப்பு கூடியது, மூவருக்குக் கருமுட்டை வெளியேறியது. ஆனால் ஜிஎன்ஆர்எச் நரம்பணுவில் லெப்டின் ஏற்பி இல்லை. நடுவில் யாரோ சேதி கொண்டுபோகிறார்கள். அந்த இடத்தில்தான் கிஸ்பெப்டினும் ஜிஎன்ஐஎச்சும் வருகின்றன.

கிஸ்பெப்டினை நேராகவே கொடுத்தும் பார்த்தாயிற்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வல்ஜித் தில்லோ குழு, இதே காரணத்தால் மாதவிடாய் நின்றவர்களுக்குக் கிலோவுக்கு 6.4 நானோமோல் கிஸ்பெப்டின்-54 தினமும் இருவேளை போட்டது. 50 கிலோ பெண்ணுக்கு அது சுமார் 1.9 மி.கி. முதல் ஊசியில் எல்எச் நன்றாக ஏறியது. இரண்டு வாரத்தில் ஏற்பி அலுத்துப்போய்ப் பதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. வாரம் இருமுறை என்று மாற்றியபோதுதான் பதில் தாக்குப்பிடித்தது. நோபில் 1978-இல் குரங்கில் காட்டியதும் இதேதான், ஜிஎன்ஆர்எச்சை மணிக்கு ஆறு நிமிடம் கொடுத்தால் எல்எச் வந்தது, இடைவிடாமல் கொடுத்தால் அடங்கியது.

"கிஸ்பெப்டின்-10" என்று இணையத்தில் விற்கும் குப்பிகளைப் பற்றிச் செமினாரில் யாராவது கேட்டால், ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் நாலு நிமிடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

அரைக்கிளாஸ்டீ:

போதும், இதையே நாலு மடங்கு சுருக்கினால்தான் செமினார். காடைக்கு 24 ஆண், மூன்று குழு: உப்புநீர் பம்ப், ஜிஎன்ஐஎச் பம்ப், பம்ப் வைத்தும் குறும்பகலிலேயே விடும் உப்புநீர்க் குழு. நுரைச்சுரப்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை, 12-ஆம் நாள் முடிவு. படிவம் பி-யை இந்த வாரம் கொடுக்கிறேன். பெப்டைடு ஆர்டரில் "கடைசியில் அமைடு" என்று இரண்டு இடத்தில் எழுதியாயிற்று.